பென்ஸ்காரரின் மனுசி

எண்பதுகளின் நடுவில் நியூசிலாந்தின் ஓக்லாந்தில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு நாள் வைப்பதென்றால் இரண்டு பேரிடம் முதலில் கேட்க வேண்டும். ஒருவர் ஐயர். மற்றவர் த்ரீ கிங்ஸ் பகுதியில் இருந்த சபாரத்தினம். ஐயருக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஒரு பெரியவரைப் பிடித்துத் தேவாரம் பாடவைத்துத் தாலியைக் கட்டிவிடலாம். சபாரத்தினத்தின் பென்ஸ் இல்லாவிட்டால் கல்யாணப் பொம்பிளையை எதில் ஏற்றுவது?

அந்தப் பெருமையில் அவருடைய மனைவி செல்வநாயகிக்கும் பங்கு இருந்தது. பின்சீற்றில் விரிக்கிற வெள்ளைத் துணியைத் தோய்த்து மினுக்குவது அவள்தான்.

அவர்கள் கொழும்பிலிருந்து எண்பத்துநான்கில் வந்தார்கள். அதற்கு முந்தின வருடத்து ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் இருந்த வீடு எரிந்தபோது வாசலில் நின்ற ஒஸ்ரின் காரும் கூட எரிந்தது. வீட்டைப் பற்றிச் சபாரத்தினம் இடைக்கிடை கதைப்பார். காரைப் பற்றிக் கதைக்கவே மாட்டார். நகரசபையில் தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் கீறுகிற வேலை கிடைத்து ஒரு வருடம் போனது. ஒரு நாள் பின்னேரம் அறுபத்துமூன்றாம் ஆண்டின் பென்ஸ் ஒன்றை, பாற்சோற்றின் நிறத்தில், பின்பக்கம் மீன்செட்டை மாதிரி இரண்டு நீட்டலோடு, வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். செல்வநாயகி ஆலாத்தித் தட்டோடும் நாலு தேசிக்காயோடும் இறங்கி வந்தாள்.

"தேசிக்காய் வேண்டாம்" என்றார்.

"சில்லுக்குக் கீழ வைச்சு நசிக்கிறதுதானே, இஞ்சாருங்கோ."

"புளி, ரயருக்குக் கூடாது."

அன்றைக்கு அந்தத் தேசிக்காய்கள் ஊறுகாய் ஆயின.

அதற்குப் பிறகு வீட்டில் ஜேர்மன் சரித்திரம் தொடங்கியது. யார் வந்தாலும், தேத்தண்ணி வருவதற்கு முந்தி கார்ல் பென்ஸ் வந்துவிடுவார். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறில் அவர் செய்த மூன்று சில்லு வண்டி. அதே காலத்தில் இன்னொரு ஊரில் இன்னொரு காரைச் செய்துகொண்டிருந்த டைம்லர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லையாம். மேர்சிடிஸ் என்பது கார் விற்ற ஒருவருடைய மகளின் பெயர். நட்சத்திரத்தின் மூன்று முனையும் தரை, கடல், ஆகாயம். எல்லாவற்றிலும் சபாரத்தினத்துக்கு மிகப் பிடித்தது பென்ஸின் மனைவி பெர்த்தாவின் கதை. புருசன் செய்த காரை ஆரும் வாங்குகிறார்கள் இல்லை என்று கண்டு, அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், இரண்டு பெடியன்களையும் அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீற்றருக்கு மேல் தாய்வீட்டுக்கு ஓடிப்போனாளாம். வழியில் எரிபொருளை மருந்துக்கடையில் வாங்கினாளாம். குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தாளாம்.

"அந்த மனுசி அண்டைக்கு ஓடியிராட்டி இண்டைக்கு உலகத்தில காரே இல்லை" என்று முடிக்கும்போது அவருடைய குரல் சாதுவாகத் தழுதழுக்கும்.

ஒரு நாள் அப்படித் தழுதழுத்து முடித்த கையோடு செல்வநாயகி கேட்டாள். "அப்ப நானும் கார் ஓடப் பழகட்டோ?"

சபாரத்தினம் சிரித்தார். பிறகு கியர்ப்பெட்டியின் சரித்திரத்தைத் தொடங்கினார். அது முடியும்போது அவள் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டாள். இனி இந்த மனுசனிடம் காரின் திறப்பைக் கேட்டால் சரித்திரம்தான் கிடைக்கும் என்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அந்தச் சரித்திரத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. இரண்டு கம்பனியும் சேர்ந்த இருபத்தாறாம் ஆண்டுவரை ஒழுங்காக வருவார். பிறகு ஒரே பாய்ச்சலில் ஐம்பதுகளில் போய் இறங்குவார். நடுவில் என்ன நடந்தது என்று செல்வநாயகி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலைகளுக்குப் பிடித்துக்கொண்டுவரப்பட்ட ஆட்கள் அடிமைகளாக வேலை செய்தார்கள் என்று அதில் இருந்தது. வந்து சொன்னாள்.

"ஓம், தெரியும்" என்றார் சபாரத்தினம். பிறகு, "அது நல்ல கதை இல்லை, செல்வி. அதுதான் சொல்லுறேல்லை" என்றார். அன்று பின்னேரம் வந்த விருந்தாளிக்கு அவர் சரித்திரமே சொல்லவில்லை. வந்தவர் சுகமில்லையோ என்று கேட்டுவிட்டுப் போனார்.

எதிர்வீட்டுக் கிழவர் மிஸ்ரர் கோல்மனுக்கும் அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும். இத்தாலியில் ஜேர்மன்காரரோடு சண்டைபிடித்தவர், தம்பியை அங்கேயே புதைத்துவிட்டு வந்தவர். செல்வநாயகிக்குத் தோட்டத்து ரோசாக்களை வெட்டித் தருவார். பென்ஸ் வெளியில் நின்றால் றோட்டைக் கடந்து வரமாட்டார்.

செல்வநாயகி த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில் ஒரு புடவைக்கடையில் துணி வெட்டிக் கொடுக்கிற வேலை செய்தாள். கூட வேலை செய்தவள் கிளாரா, ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழ்ப்பெண். வாய் கொஞ்சம் நீளம், மனம் அதைவிட நீளம். கிளாராவிடம் ஒரு பழைய ஹோல்டன் கார் இருந்தது. பென்ஸைப் போலவே அதற்கும் கியர்த்தடி ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில்.

"அக்கா, உங்க வீட்டுக்காரரு கத சொல்லட்டும். நீங்க என் காடியில வந்து உக்காருங்க" என்றாள் கிளாரா.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஓக்லாந்தில் கடைகள் பூட்டு. கார் நிறுத்துமிடத்தில் காகம்கூட இராது. கிளாரா பூசைக்குப் போய்விட்டு நேரே அங்கே வருவாள். செல்வநாயகி வீட்டில் "கிளாராவோட ஒருக்காப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போவாள். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சபாரத்தினம் அந்த நேரத்தில் பென்ஸின் குரோமியத்தைத் துடைத்துக்கொண்டிருப்பார். மூன்று மணித்தியாலம். பூமி பிளந்தாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

முதல் மாதம் ஹோல்டன் தவளை மாதிரிப் பாய்ந்தது. இரண்டாம் மாதம் நடந்தது. ஆறாம் மாதம் டொமினியன் றோட்டில் ஓடியது. சோதனை எடுத்த அதிகாரி, மேட்டில் நிறுத்தி மீண்டும் எடுக்கச் சொன்னார். அவள் ஒரு அங்குலமும் பின்னால் போகாமல் எடுத்தாள். ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்தாறு கார்த்திகையில் லைசென்ஸ் கைக்கு வந்தது. அதைப் பிள்ளைகளின் பள்ளிக்கூட அறிக்கைகள் இருந்த உறைக்குள் வைத்தாள். அந்த உறையை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சொல்லுகிற அளவுக்கு ஒரு இடைவெளி அவருடைய பேச்சில் கிடைக்கவில்லை. பிறகு அது அவளுடைய சொந்தச் சங்கதியாகிவிட்டது. புடவைக்கடையில் துணி வெட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்குக் கார் ஓடத் தெரியும் என்று நினைப்பாள். கத்தரிக்கோல் நேராகப் போகும்.

எண்பத்தெட்டு ஆவணியில் ரதிதேவியின் கல்யாணம் வந்தது. ஓக்லாந்தின் மற்றக் கரையில், மாசி என்ற ஊரில் இருந்த தவராசாவின் மகள். மாப்பிள்ளை தெற்கே புக்கெகோஹி என்ற ஊரில் மரக்கறித் தோட்டம் ஒன்றில் மேற்பார்வை பார்ப்பவன். கல்யாண மண்டபமும் அங்கேதான். மாசியிலிருந்து விடியவே தூரம் போக வேண்டுமென்று ரதிதேவியும் தாய் சரோஜாதேவியும் முதல் நாளே த்ரீ கிங்ஸுக்கு வந்து தங்கிவிட்டார்கள். தவராசா சாமான்களோடு வான் வண்டியில் முன்னே போய்விட்டார். கிளாரா, செல்வநாயகியின் இரண்டு பிள்ளைகளையும் பூமாலைகளையும் ஹோல்டனில் ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்கே புறப்பட்டாள்.

முகூர்த்தம் பத்தே முக்காலுக்கு. ஓக்லாந்தின் ஆவணி மாதத்துக்கு முகூர்த்தம் தெரியாது. விடியற்காலையிலேயே மழை.

மழையில் பென்ஸை எடுப்பதில்லை என்பது சபாரத்தினத்தின் விரதம். ஓக்லாந்தில் அப்படி ஒரு விரதம் பிடிப்பவர் வருடத்தில் பாதி நாள் பஸ்ஸில்தான் போகவேண்டும், அவர் போனார். ஆனால் கல்யாணத்துக்கு விலக்கு உண்டு. கோட்டுக்கு மேல் மழைக்கோட்டுப் போட்டு, காரைப் பின்னுக்கு எடுத்து வாசலில் நிறுத்தினார். முன்சில்லின் வெள்ளித்தட்டில் ஒரு பொட்டுச் சேறு. பொம்பிளை ஏறுகிற கார். குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

செல்வநாயகி ஓடிப்போய்ப் பார்த்தபோது சில்லைக் கும்பிடுகிறவர் மாதிரி நின்றார். "நாரி" என்று இடுப்பைக் காட்டினார். "நாரி பிடிச்சுட்டுது. தொடாதை."

நிமிர்த்தப் பார்த்தார்கள், கத்தினார். இருத்தப் பார்த்தார்கள், அதைவிடக் கத்தினார். கடைசியில் ஈரச் சீமெந்தில் குப்புறப் படுத்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. பட்டுச்சேலையோடு சரோஜாதேவி குடை பிடித்தாள். மணி ஒன்பதேகால்.

"ரக்சிக்குப் போன் பண்ணுவம், அண்ணை" என்றாள் சரோஜாதேவி.

"பென்ஸ் நிக்கேக்க ரக்சியோ!" என்று நிலத்திலிருந்து சத்தம் வந்தது.

அவருக்குத் தெரியாமல் போன் பண்ணினார்கள். மழைநாள், ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். சரோஜாதேவி அழத் தொடங்கினாள். ரதிதேவியின் கண் மையும் கரைய ஆயத்தமானது.

செல்வநாயகி உள்ளே போனாள். பள்ளிக்கூட அறிக்கைகளின் உறையைத் திறந்தாள். கூறைச்சேலை அளவுக்குக் கனமான தன் காஞ்சிபுரச் சேலையின் கொய்யக மடிப்பை ஒரு சாண் தூக்கி இடுப்பில் செருகினாள். வெளியில் வந்து புருசனின் மழைக்கோட்டுப் பையிலிருந்து திறப்பை எடுத்தாள்.

"என்ன செய்யிறாய்?" என்றார் சபாரத்தினம்.

"பொம்பிளையைக் கொண்டுபோய் விடப்போறன்."

"ஆர் ஓடுறது?"

"நான்தான்."

"உனக்கு..." என்று தொடங்கியவரின் முகத்துக்கு நேரே குனிந்து லைசென்ஸைக் காட்டினாள். படுத்திருந்தபடியே வாசித்தார். மழைத்துளி விழுந்த இடத்தை விரலால் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார். திகதியையும் வாசித்தார்.

"நானும் வாறன்" என்றார் கடைசியில். "காரைத் தனிய விடேலாது."

அவரைத் தூக்குகிற பலம் மூன்று பெண்களுக்கும் இல்லை. தூக்கப் பார்த்துக் கைவிட்டபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. மிஸ்ரர் கோல்மன் செருப்போடு மழையில் நடந்து வந்தார். ஒரு கணம் காரின் நட்சத்திரத்தைப் பார்த்தார். பிறகு ஆளைப் பார்த்தார். சண்டைக்களத்தில் காயப்பட்டவர்களைத் தூக்கின கைகள். ஒரு கதவுப்பலகையைக் கேட்டு வாங்கி, அதில் சபாரத்தினத்தை உருட்டி, பெண்களைக் கால்மாட்டில் பிடிக்கவைத்து, வெள்ளைத் துணி விரித்த பின்சீற்றில் வழுக்கிவிட்டார். குப்புறத்தான். மற்றப் பக்கம் திரும்ப நோயாளி சம்மதிக்கவில்லை. கால்கள் கதவுப் பக்கமாக மடிந்து நின்றன.

"உள்ளுக்கு நல்ல இடம் இருக்குது" என்று கோல்மன் ஆங்கிலத்தில் சொன்னார். காரைப் பற்றி அவர் வாயில் வந்த முதல் சொல் அது. கதவை மெதுவாகச் சாத்தினார்.

முன்சீற்று ஒரே நீளமான இருக்கை. செல்வநாயகி, நடுவில் ரதிதேவி, கரையில் சரோஜாதேவி. மூன்று பட்டுச்சேலைகளும் உரசிக்கொண்டு இருந்தன. செல்வநாயகியின் கால் கிளச்சைத் தேடியது. ஹோல்டனின் கிளச்சைவிட இது கடினம். முதலாம் கியர். கார் வாசலை விட்டு இறங்கியது.

"மெதுவா! மெதுவா!" என்றது பின்சீற்று.

"இன்னும் றோட்டுக்கே வரேல்லை, இஞ்சாருங்கோ."

சபாரத்தினத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. முகத்துக்கு நேரே வெள்ளைத் துணி மட்டும்தான். எல்லாம் காதால்தான். ஒவ்வொரு கியருக்கும் முந்தி அவர் மூச்சைப் பிடித்தார். "இப்ப இரண்டு" என்று சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு விழுந்துவிடும். மூன்று. நாலு. எங்கேயும் ஒரு பல்லும் கிரீச்சிடவில்லை. அதுதான் அவரை மிகவும் வருத்தியது போலிருந்தது.

மோட்டர்வேயில் ஏறினார்கள். துடைப்பான்கள் அடித்துக்கொண்டேயிருந்தன. சரோஜாதேவி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். பெரிய இரைச்சலொன்று பக்கத்தால் போனது.

"என்ன சத்தம்?" என்றார் சபாரத்தினம்.

"லொறி."

"லொறிக்குப் பின்னால போ. முந்தாதை."

"அது எங்களுக்குப் பின்னால போட்டுது."

விடியற்காலையிலிருந்து பதுமை மாதிரி இருந்த ரதிதேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நெற்றிச்சுட்டி ஆடியது.

பிறகு பின்னாலிருந்து ஒரு தணிந்த குரல் வந்தது. "ஆரிட்டைப் பழகினனீ?"

"கிளாராட்டை."

"எந்தக் காரில?"

செல்வநாயகி கண்ணாடியில் பார்த்தாள். அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. "ஹோல்டனில."

"ஹோல்டனிலயோ!" என்றார். மனைவி இரண்டு வருடம் மறைத்ததைக்கூடப் பொறுத்திருப்பார் போலிருந்தது.

ரதிதேவிக்குத் துணிவு வந்துவிட்டது. "மாமா, நீங்கள் சொல்லுற பெர்த்தா அம்மாவும் புருசனுக்குச் சொல்லாமல்தானே ஓடினவ?"

"ஓம்" என்றார் சபாரத்தினம். வெள்ளைத் துணிக்குள் குரல் அமுங்கி வந்தது. "ஆனால் அவவின்ரை புருசன் பின்சீற்றில படுத்திருக்கேல்லை."

சரோஜாதேவிகூடக் கண்ணைத் திறந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். நாரி இழுத்ததால் பாதியில் நிறுத்தினார்.

வழியில் ட்றூரி என்ற இடத்தில் பெற்றோல் அடிக்க நிறுத்தவேண்டி வந்தது. கல்யாணப் பரபரப்பில் அவர் அடிக்க மறந்துவிட்டார். அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை, தேவையான அளவு இருக்கிறது என்றார். முள் அப்படிச் சொல்லவில்லை. பெற்றோல் அடிக்க வந்த வெள்ளைக்காரப் பெண் முன்னால் நகைகளோடு இருந்த மூன்று பேரையும் பார்த்தாள். பின்னால் குப்புறக் கிடந்த கோட்டுக்காரரையும் பார்த்தாள்.

"அவருக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள்.

"அவர்தான் காரின் சொந்தக்காரர்" என்றாள் செல்வநாயகி. அந்தப் பெண் எல்லாம் விளங்கின மாதிரித் தலையாட்டினாள்.

பத்து இருபத்தைந்துக்குப் புக்கெகோஹி மண்டபத்து வாசலில் பென்ஸ் வந்து நின்றது. மழை விட்டிருந்தது. தவராசா நாதசுரக் கசெற்றைப் போடச் சொல்லிவிட்டு, மகளை வரவேற்க ஓடிவந்து வழக்கம்போலப் பின்கதவைத் திறந்தார். இரண்டு சப்பாத்துகள் அவருடைய வயிற்றில் முட்டின. முன்கதவைத் திறந்துகொண்டு செல்வநாயகி இறங்கினாள். கொய்யகத்தை இறக்கிவிட்டு, திறப்பை இடுப்பில் செருகினாள். கூட்டம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு கிளாரா மட்டும் சந்தைக்காரி மாதிரி விசில் அடித்தாள்.

சபாரத்தினத்தை ஒரு மேசைப்பலகையில் தூக்கிக்கொண்டுபோய் மணவறைக்குப் பக்கத்தில் கம்பளத்தில் கிடத்தினார்கள். அதுவரை எத்தனையோ கல்யாணத்துக்குக் கார் ஓடியவர். ஒரு தாலிகட்டையும் கண்டதில்லை, ஏனென்றால் அந்த நேரம் வெளியில் நின்று பிள்ளைகள் காரைத் தொடாமல் காவல் காப்பார். அன்றைக்கு ஐயர் மந்திரம் சொல்ல, மாப்பிள்ளை முடிச்சுப்போட, கம்பளத்தில் கன்னத்தை வைத்தபடி முழுக்கப் பார்த்தார். அட்சதை அவர்மேலும் விழுந்தது. செல்வநாயகி ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டாள்.

"முதலிலயே எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார் மெல்ல.

"கேட்டனான்தானே."

அவர் யோசித்தார். "ஓம்" என்றார். "கேட்டனீ."

ஆறு கிழமைக்கு ஸ்ரியறிங்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அந்த ஆறு கிழமையும் செல்வநாயகி பென்ஸை வேலைக்கும் மரக்கறிக்கடைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோனாள், மழையிலும்தான். கார் கரையவில்லை. கரையவில்லை என்பதைச் சபாரத்தினம் ஒவ்வொரு பின்னேரமும் யன்னலால் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டார்.

அடுத்த கல்யாண வீட்டுக்காரர் குலசிங்கம் போன் பண்ணி, கொஞ்சம் இழுத்து, "அக்கா ஓடினா நல்லம் எண்டு மனுசி சொல்லுறா" என்றார். சபாரத்தினம் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள், தான் முன்சீற்றில் பக்கத்தில் இருந்து வழி சொல்லலாம் என்று தீர்மானித்தார். வழி சொல்கிற சாக்கில் பொம்பிளைமாருக்குப் பெர்த்தாவின் கதையைச் சொன்னார். ஐம்பதுகளுக்குப் பாயாமல் நடுவில் நடந்ததையும் ஓரிரண்டு வசனத்தில் சொல்லப் பழகினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஸ்ரர் கோல்மன் றோட்டைக் கடந்து வந்து, அவர் துடைப்பதைக் கைகட்டி நின்று பார்த்தார்.

எண்பத்தொன்பதில் யப்பானிலிருந்து பழைய கார்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. செல்வநாயகி தன் சம்பளத்தில் சின்ன நீலக் கார் ஒன்றை வாங்கினாள். பென்ஸ் வேலைக்குப் போக அகலம் என்றாள். சபாரத்தினம் அந்தக் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். மூடியைத் திறந்தார். மூடினார்.

"எப்பிடி?" என்றாள்.

"தையல் மெசினின் சத்தம்" என்றார். பிறகு, நேர்மையான மனுசன் ஆனபடியால், "நல்ல தையல் மெசின்" என்று சேர்த்தார்.

அந்த நீலக் காரில்தான் அவள் மற்றப் பெண்களுக்குக் கார் ஓடப் பழக்கத் தொடங்கினாள். முதலில் குணவதி என்றொரு பெண், பிறகு அவளுடைய மச்சாள், பிறகு பெயர்கள் ஒரு கொப்பியில் நீண்டன. ஞாயிற்றுக்கிழமை, அதே வெறும் கார் நிறுத்துமிடம். தேசிக்காயை நசிக்க வேண்டுமென்று சொன்னவர்களை அவள் தடுக்கவில்லை.

சரோஜாதேவிதான் எல்லாரிலும் கடைசியாக வந்தாள். சுற்றுவட்டத்துக்கு வந்தால் கண்ணை மூடி முருகா என்பாள். "முருகனைக் கண்ணைத் திறந்துகொண்டும் கூப்பிடலாம்" என்று செல்வநாயகி எட்டு மாதம் சொல்லிக்கொடுத்தாள். மூன்றாம் முறை சோதனையில் சரோஜாதேவி சித்தியடைந்தாள். மாசிக்குத் திரும்பிப் போகும் வழி முழுக்க அவளே ஓடினாள். மோட்டர்வேயில் ஒரு லொறியை முந்திவிட்டு, பக்கத்தில் இருந்த செல்வநாயகியைப் பார்த்து, "செல்வியக்கா, இப்ப பார்த்தனீங்களோ?" என்றாள்.

"றோட்டைப் பார், பிள்ளை" என்றாள் செல்வநாயகி.